பெயர் அறியா நிழல்

பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வருகின்றவர்கள் புதிய ஊரில் முதலில் கற்றுக்கொள்வன சில உண்டு. பேருந்தின் எண், நல்ல அரிசி கிடைக்கும் கடை, தமிழ் பேசும் மருத்துவர், பிள்ளையைச் சேர்க்கத் தக்க பள்ளி ஆகியவற்றை ஒரு திங்களுக்குள் அறிந்துகொள்கிறோம். வாயிலில் நிற்கும் மரத்தின் பெயரை அறிவது அந்தப் பட்டியலில் இடம் பெறுவதில்லை. எங்கள் பட்டியலிலும் அது இல்லை. 1983ஆம் ஆண்டு தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து பெங்களூருக்கு வந்து, அல்சூர் ஏரிக்குச் சற்றுத் தொலைவில் குடியமர்ந்த நாங்கள், முப்பத்து மூன்று ஆண்டுகள் ஒரே மரத்தின் நிழலில் வாழ்ந்தும் அதன் பெயரை அறியாதிருந்தோம். அந்த வெட்கத்திலிருந்து பிறந்தது ஒரு குறிப்பேடு. அந்தக் குறிப்பேட்டைப் பற்றியதே இக்கட்டுரை.

மரத்திற்கும் எங்களுக்கும் உறவு இல்லாமல் இல்லை. அதன் அடியில் முதலில் மிதிவண்டியையும், பின்னர் ஸ்கூட்டரையும், அதற்கும் பின்னர் தவணையில் வாங்கிய சிறிய காரையும் நிறுத்தினோம். பிள்ளைகள் பள்ளி வண்டிக்காக அங்கேதான் காத்து நின்றார்கள். மகளின் திருமணத்திற்கு வந்த ஊர்க்காரர்கள், பந்தல் போட்டும் பந்தலில் அமராமல், மரத்தடியில் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார்கள். முகவரி கேட்போருக்குப் ‘பெரிய மரத்து வீடு’ என்று சொன்னால் போதும். ஆனால் அது என்ன மரம் என்று யாரும் கேட்டதில்லை; நாங்களும் எவரையும் கேட்டதில்லை.

2016ஆம் ஆண்டு சாலையை அகலப்படுத்துவதற்காக அம்மரத்தை வெட்டப் போவதாக அறிவிப்பு ஒட்டப்பட்டது. மறுப்பு உடையவர்கள் குறித்த நாளில் வந்து கூறலாம் என்றிருந்தது. எங்கள் தெருவினர் ஏழெட்டுப் பேர் சென்றோம். அங்கிருந்த அதிகாரி எங்களிடம் கடுமையாகப் பேசவில்லை. நாற்காலி கொடுத்து அமரச் செய்தார். பின்னர், “இது என்ன மரம்? வயது எவ்வளவு இருக்கும்? எந்த மாதம் பூக்கும்? இதில் எந்தெந்தப் பறவைகள் கூடு கட்டுகின்றன? ஏதேனும் எழுதி வைத்திருக்கிறீர்களா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். “நல்ல நிழல் தரும் மரம் ஐயா” என்று எங்களுள் ஒருவர் சொன்னார். அவர் ‘நிழல் மரம்’ என்று எழுதிக்கொண்டார். நிழல் தராத மரமும் உலகில் உண்டோ?

எதிர்ப்பக்கத்தில் கணக்கு இருந்தது. அந்தச் சாலையில் காலையில் ஒரு மணி நேரத்தில் எத்தனை வண்டிகள் செல்கின்றன, மாலையில் எத்தனை, எவ்வளவு நேரம் தேங்கி நிற்கின்றன என்பதையெல்லாம் யாரோ வெயிலில் நின்று எண்ணி எழுதியிருந்தார்கள். அவர்கள் எண்களோடு வந்தார்கள். நாங்கள் அன்போடு மட்டும் சென்றோம். எழுதி வைக்கப்படாத அன்பு சாட்சிக் கூண்டில் ஏறி நிற்க முடியாது என்பதை அன்று உணர்ந்தோம். இரண்டு வாரங்களில் மரம் வெட்டப்பட்டது.

அன்று மாலை எதிர்வீட்டுக் கன்னட மூதாட்டி, தெருவில் அனைவருக்கும் அஜ்ஜி, வாயிற்படியில் அமர்ந்து புலம்பினார். அதை அவர் ‘மளெ மர’ என்றார். மழை மரம் என்பது பொருள். பொழுது சாய்ந்தால் இலைகளை மூடிக்கொள்ளும் என்றும், வானம் இருண்டாலும் மூடிக்கொள்ளும் என்றும் அவர் சொன்னபோது எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தூங்குமூஞ்சி மரம்! எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாசலில் நின்ற அதே மரம். அதன் பிசுபிசுத்த காய்களைப் பொறுக்கி விளையாடியிருக்கிறோம். பெயர் எங்களிடம் இருந்தது; மரமும் எங்களிடம் இருந்தது. முப்பத்து மூன்று ஆண்டுகளில் ஒரு மாலைப் பொழுதேனும் அண்ணாந்து பார்த்திருந்தால் இரண்டும் கூடியிருக்கும். நாங்கள் பார்க்கவில்லை.

மறுநாள் பேத்தி பாதியில் விட்டுச் சென்ற நாற்பது பக்கப் பள்ளி நோட்டு ஒன்றை எடுத்தோம். இனி வெட்டப்படும் எதைப் பற்றியும் ‘தெரியாது’ என்று சொல்லக் கூடாது என்பதே அன்றைய உறுதி. ஆனால் உறுதி வேறு, எழுத்து வேறு. முதல் வாரத்தில் எழுதியவற்றை இப்போது எடுத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. “இன்று காலை பறவைகள் இனிமையாகப் பாடின. மனம் மகிழ்ந்தது” என்று ஒரு பக்கம். எந்தப் பறவை? எத்தனை மணிக்கு? எந்தக் கிளையில்? ஒன்றும் இல்லை. ‘நிழல் மரம்’ என்று எழுதிய அதிகாரியை நொந்துகொண்ட நாங்கள், எங்கள் குறிப்பேட்டில் அதையே செய்துகொண்டிருந்தோம்.

வழி காட்டியது தொல்காப்பியம். பள்ளி நாளில் தேர்வுக்காக உருப்போட்ட முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்னும் பாகுபாடு திடீரென்று வேறோர் ஒளியில் தோன்றியது. நிலமும் பொழுதும் முதல். அந்நிலத்தில் வாழும் மரமும் புள்ளும் விலங்கும், அங்கே மக்கள் செய்யும் தொழிலும் கரு. மனித உள்ளத்து உணர்வு உரி. இயற்கையை நோக்கி எழுதத் தொடங்குவோர்க்கு இதைக் காட்டிலும் எளிய சட்டகம் வேண்டுமோ? பக்கத்தை மூன்றாகக் கோடிட்டோம். முதற் பகுதியில் நாள், நேரம், இடம், வெயிலா மழையா என்பது. நடுப்பகுதியில் கண்டதும் கேட்டதும் மட்டும். கடைசிப் பகுதியில் எங்களுக்குத் தோன்றியது. ‘மகிழ்ச்சி’ நடுப்பகுதியில் நுழையக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். இந்த ஒரு கோடு போட்ட பிறகுதான் எங்கள் கண் திறந்தது எனலாம்.

பெரும்பொழுதைக் குறிக்கத் தொடங்கியபோது மற்றொன்றும் விளங்கிற்று. ஆவணியும் புரட்டாசியும் கார்காலம் என்று நாம் படித்திருக்கிறோம். சென்னையில் வாழும் உறவினர்க்கு அது சற்று முரணாகவே தோன்றும்; அங்கே மழை மிகுவது ஐப்பசி, கார்த்திகையில்தான். பெங்களூரிலோ ஆண்டின் மிகுந்த மழை செப்டம்பர் மாதத்தில் பெய்கிறது. கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கும் இவ்வூரின் ஆவணி புரட்டாசி, நூலிற் படித்த காரோடு பொருந்தி வருவதைக் குறிப்பேட்டில் கண்டபோது, அயலூர் என்று நினைத்த இந்த ஊரோடு எங்களுக்கு முதன்முதலாக ஓர் இலக்கிய உறவு உண்டாயிற்று.

பிழைகள் செய்தோம்; அவற்றை அழிக்காமல் வைத்திருக்கிறோம். வானில் வட்டமிட்ட பறவைகளையெல்லாம் ‘கழுகு’ என்று எழுதிவந்தோம். அவை பருந்துகள் என்பதும், வால் நுனி பிளவுபட்டிருந்தால் கரும்பருந்து, தலை வெளுத்து உடல் செம்பழுப்பாக இருந்தால் நம் ஊரில் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் செம்பருந்து என்பதும் மூன்று மாதங்களுக்குப் பின்னரே தெரிந்தன. பழுப்பு உடலில் வெண்புள்ளிகள் தெறித்த பறவை ஒன்று எதிர்வீட்டுப் புங்க மரத்திற்கு வந்தது. அதற்குப் பெயர் தெரியாமல் ஒரு வாரம் கேள்விக்குறி இட்டு எழுதினோம். அது குயிலின் பேடை! கரிய ஆண்குயிலைப் பாட்டிலும் கதையிலும் போற்றிய நாங்கள், பேடை வேறு நிறம் என்பதையே அறியாதிருந்தோம். அந்தக் கேள்விக்குறிகளே எங்கள் குறிப்பேட்டின் செல்வம். பெயர் தெரியவில்லையென்றால் எழுதாமல் விடுவது தொடக்கக்காரர் செய்யும் பெரும்பிழை. அளவு, நிறம், அலகு, வால், நடக்கிறதா தத்துகிறதா என்பவற்றை எழுதி வைத்தால், பெயர் ஒருநாள் தானே வந்து சேரும்.

ஓவியமும் அவ்வாறே. வரையத் தெரியாதே என்று அஞ்சினோம். ஆனால் ஓர் இலையை வரைய வேண்டுமானால் அதன் ஓரம் நேராக உள்ளதா, பல் போல் உள்ளதா, காம்பில் எதிரெதிராக முளைக்கிறதா, மாறிமாறி முளைக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். படம் கோணலாக வந்தாலும் பார்வை நேராகிவிடுகிறது. இத்துறையில் தமிழர்க்கு முன்னோடி ஒருவர் உண்டு. ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் (1912–1996), கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல் 1996 வரை இயற்கையைப் பற்றிய தொடரை எழுதிவந்தார். தம் கட்டுரைகளுக்குத் தாமே படமும் வரைந்தார். 1940களில் அவர் பணியாற்றியது நம் கருநாடகத்துச் சண்டூர் சமஸ்தானத்தில் என்பதை இங்கு வாழும் தமிழர்கள் நினைவிற் கொள்ளலாம். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்து ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் நூலாகத் தந்துள்ளார். அரிய விலங்கைத் தேடிக் காட்டுக்குப் போகத்தான் வேண்டும் என்பதில்லை, வீட்டுக் கூரையில் அமரும் காக்கையும் எழுதத் தக்கதே என்னும் துணிவு எங்களுக்கு அவரைப் படித்துப் பிறந்தது.

‘எதற்கு இந்த வேலை?’ என்று நண்பர்கள் கேட்டதுண்டு. அவர்களுக்கு 1736ஆம் ஆண்டின் கதையைச் சொல்வோம். அவ்வாண்டில் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். 1761இல் மறையும்வரை எழுதினார். கப்பல் வந்ததும், துணி விலையும், துரைமார் பேச்சும் அதில் இருப்பதால் இன்று அது வரலாற்றுக் கருவூலமாக விளங்குகிறது. அதே 1736இல் இங்கிலாந்தின் நார்போக் பகுதியில் இராபர்ட் மார்ஷம் என்பவர் வேறொரு பதிவைத் தொடங்கினார். முதற் பூ எந்நாள் மலர்ந்தது, மரங்கள் எந்நாள் தளிர்த்தன, தகைவிலான் எந்நாள் வந்தது, தவளை எந்நாள் கத்தியது என்று இளவேனிலின் 27 அடையாளங்களை ஆண்டுதோறும் குறித்தார். அவருக்குப் பின் அவர் வழிவந்தோர் 1958 வரை அதைத் தொடர்ந்தனர். இருநூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு குடும்பத்தின் கண்! பருவம் எவ்வாறு முந்தி வருகிறது என்பதை ஆராய்வோர் இன்று அந்தக் குறிப்புகளை நாடுகின்றனர். ஜப்பானின் கியோட்டோ நகரத்துச் செர்ரி மலர்ச்சிக்கு ஒன்பதாம் நூற்றாண்டு முதல் குறிப்புகள் கிடைக்கின்றன. அவற்றைக் கொண்டுதான், 2021இல் அது அதுவரையிலான அந்நெடும் பதிவிலேயே மிக முந்திப் பூத்தது என்று சொல்ல முடிந்தது. எழுதியவர்கள் அறிவியலார் அல்லர், தவறாமல் பார்த்தவர்கள். நம் நாட்டிலும் ‘சீசன்வாட்ச்’ என்னும் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கொரு மரத்தை வாரந்தோறும் நோக்கித் தளிர், பூ, காய் ஆகியவற்றைக் குறித்து அனுப்புகின்றனர்.

எழுத எழுத, இவ்வூரில் குடியேறியவர்கள் நாங்கள் மட்டும் அல்லர் என்பதும் தெரிந்தது. மார்கழி, தை மாதங்களில் தெருவை இளஞ்சிவப்பாக்கும் டபெபூயா அமெரிக்கக் கண்டத்து வெப்ப நாடுகளிலிருந்து வந்தது. மாசியில் ஊதாப் பூ உதிர்க்கும் ஜகரண்டா தென் அமெரிக்காவினது. சித்திரையில் தீப்பற்றினாற்போல் நிற்கும் குல்மோகர் மடகாஸ்கர் தீவினது. எங்கள் தூங்குமூஞ்சியும் அமெரிக்க மண்ணிலிருந்து வந்ததுதான். 1760இல் ஐதர் அலி தொடங்கிய லால்பாக்கிற்கு 1908இல் பொறுப்பேற்ற கிரும்பீகல் என்னும் ஜெர்மானியர், ஆண்டின் எம்மாதத்திலும் இந்நகரில் ஏதேனும் ஒரு மரம் பூத்திருக்கும்படி மரங்களைத் தேர்ந்து நடுவித்தார் என்பர். அவரும் வந்தேறிதான், 1956இல் இந்நகரிலேயே மறைந்தார். புரட்டாசியில் லால்பாக்கின் நீரோரத்தில் சாம்பல் முதுகும் மஞ்சள் வயிறும் கொண்ட வாலாட்டிக் குருவி வந்து இறங்குகிறது. இமயத்து ஓடைக்கரைகளில் குஞ்சு பொரித்துவிட்டுப் பனிக்காலத்திற்காகத் தெற்கே வருவது. அது வந்த நாளை எழுதும்போதெல்லாம், மூட்டை முடிச்சோடு கண்டோன்மெண்ட் நிலையத்தில் நாங்கள் இறங்கிய நாள் நினைவுக்கு வருகிறது. அதை மட்டும் மூன்றாம் பகுதியில் எழுதுவோம்.

பெயர்களைத் தேடியதில் அஜ்ஜியோடு நட்பும் வளர்ந்தது. அவர் ‘ஹொங்கே’ என்றது எங்கள் புங்கு. தமிழில் பகரமாக நிற்பது கன்னடத்தில் ஹகரமாவதைப் பால், ஹாலு என்றும், பூ, ஹூ என்றும் எத்தனையோ முறை கேட்டிருந்தும், மரத்தின் பெயரில் அதைக் கண்டபோது கிடைத்த மகிழ்ச்சி தனி. அவர் ‘பேவு’ என்றால் வேம்பு; ‘ஹுணசெ’ என்றால் புளி. குறிப்பேட்டில் ஒவ்வொரு மரத்திற்கும் இரண்டு மொழிப் பெயரையும் எழுதினோம். நாற்பதாண்டு அண்டை வாழ்வு தராத நெருக்கத்தை ஒரு நோட்டுப் புத்தகம் தந்தது.

அந்தப் புங்க மரமே எங்கள் அடுத்த சோதனையாயிற்று. சில ஆண்டுகளுக்கு முன், மின்கம்பியில் உரசுகிறதென்று அதன் கிளைகளைச் சித்திரை மாதத்தில் கழிக்க ஆட்கள் வந்தார்கள். இம்முறை நாங்கள் குறிப்பேட்டோடு வெளியே சென்றோம். எந்த நாள் பழைய இலை உதிர்ந்து தளிர் விட்டது, எந்த நாள் பூ உதிர்ந்து தரை வெளுத்தது, எந்தக் கவட்டில் காக்கை கூடு கட்டியது, எந்த நாள் குயிற்பேடை அங்கே வந்து விரட்டப்பட்டது என்பதையெல்லாம் மேற்பார்வையாளரிடம் காட்டினோம். “காக்கைக் கூட்டுக்காகவா நிறுத்தச் சொல்கிறீர்கள்?” என்று அவர் வியந்தார். “காக்கைக் கூட்டில் குயில் முட்டை இருக்கக் கூடும்” என்றோம். அவர் பக்கங்களைப் புரட்டினார்; பேத்தி வரைந்த புள்ளிக்குயிலைப் பார்த்துச் சற்றே சிரித்தார். கம்பியில் உரசிய கிளைகளை மட்டும் அன்று வெட்டினார்கள். கூடு இருந்த கிளைக்கு ஆறு வாரம் தவணை கிடைத்தது. பெரிய வெற்றி என்று எண்ண வேண்டா. ஆறு வாரத்திற்குப் பின் அக்கிளையும் போயிற்று. ஆனால் அதற்குள் கூட்டிலிருந்து பெருத்த குஞ்சு ஒன்று வெளிவந்து, களைத்த காக்கையிடம் வாய்பிளந்து இரந்ததை நாங்கள் கண்டோம். நாளும் நேரமும் எழுதினோம்.

பிறர் கூட்டில் வளர்ந்தும் தன் குரலை மறவாத பறவை குயில். அயல்மண்ணில் பிள்ளைகளுக்குத் தமிழ் மறந்து போகுமோ என்று கவலையுறும் நமக்கு இந்த உவமை இனிக்கும். ஆனால் முழுவதும் பொருந்தாது. குயில் வாடகை தருவதில்லை, நாம் தருகிறோம்! விளையாட்டாகச் சொன்னாலும், எங்கள் பேத்தி தமிழில் சரளமாக எழுதத் தொடங்கியது இந்தக் குறிப்பேட்டில்தான். பாடநூலில் வராத தளிர், பூ, காய், கவடு, பேடை, சேவல் முதலிய சொற்கள், பொருள் கண்ணெதிரே இருந்ததால், கற்பிக்காமலேயே அவள் கைக்கு வந்தன.

தொடங்க விரும்பும் குடும்பங்களுக்கு எங்கள் அனுபவத்தில் சில சொல்லலாம். விலையுயர்ந்த ஏடு வேண்டா. வீணாகிவிடுமோ என்ற அச்சத்தில் எழுத மாட்டீர்கள். பள்ளி நோட்டும் பென்சிலும் போதும். பென்சில் எழுத்து மழையில் கரையாது. நாள்தோறும் முடியாவிட்டால் வாரத்தில் ஒரு நாள், ஒரே இடத்தில், பத்து நிமிடம். வீட்டருகே ஒரு மரத்தைத் தேர்ந்துகொண்டு ஓராண்டு விடாமல் பாருங்கள். கண்டதை ஒரு பக்கமும் ஊகத்தை மறுபக்கமும் எழுதுங்கள். எண்ண முடிந்ததை எண்ணுங்கள். ‘இன்று ஒன்றும் இல்லை’ என்பதையும் எழுதுங்கள். குயில் கூவாத மாதங்கள் எவை என்பது அப்போதுதான் தெரியும். கூட்டை நெருங்காதீர்கள், கிளையை ஒடிக்காதீர்கள். தவறாக எழுதியதை அடித்துத் திருத்துங்கள்; தாளைக் கிழிக்காதீர்கள். பிள்ளைகள் எழுதுவதில் இலக்கணப் பிழை தேடாதீர்கள். பார்வைப் பிழையை மட்டும் கூட இருந்து சரிபாருங்கள்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களை அடுக்கிச் சொல்கிறார். அவற்றைப் பெருமையோடு மேடையில் ஒப்பிக்கும் நாம், நம் தெருவில் பூக்கும் ஒன்பதின் பெயரையேனும் அறிந்திருக்க வேண்டாவா?

எங்களிடம் இப்போது எட்டுக் குறிப்பேடுகள் உள்ளன. ஒன்று நிறைந்து அடுத்ததைத் தொடங்கும்போதெல்லாம் முதற் பக்கத்தில் பேத்தி ஒரே செய்தியை எழுதுவாள். அது எங்கள் வீட்டுப் பிள்ளையார் சுழி. “வாயில் மரம்: தூங்குமூஞ்சி, மளெ மர. நின்ற காலம்: நாங்கள் வருமுன் தொடங்கி 2016 வரை. பூத்த மாதம்: தெரியாது. கூடு கட்டிய பறவைகள்: தெரியாது.” தூங்குமூஞ்சி எம்மாதத்தில் பூக்கும் என்று நூல்களில் காணலாம். எங்கள் மரம் பூத்த நாளை எந்த நூலும் சொல்லாது. உங்கள் வாயிலில் நிற்கும் மரத்திற்கு நீங்கள் அவ்வாறு எழுத நேரவேண்டா. இன்று மாலை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.